மாதத்தின் சிறந்த வாடிக்கையாளர்

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் கோயிலையும் பள்ளிவாசலையும் பௌத்தப் பன்சலையையும் விட்டால், சனங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது சுபசெத் வங்கியின் சல்லி மெசின், அதாவது ஏ.டி.எம். கழற்றச் சொல்லி யாரும் போர்டு வைக்கவில்லை. கண்ணாடிக் கதவு, வழுக்குகிற தரை, முகத்தில் வந்து அடிக்கிற குளிர், தலைக்கு மேலே இமைக்காமல் பார்க்கிற கேமரா, இவ்வளவும் இருக்கிற இடத்தில் செருப்போடு நின்று சொந்தச் சம்பளத்தைக் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்?

பத்தாம் தேதி காலை பத்தரைக்கு மொன்டிவேல் தோட்டத்துப் பிரேமலதாவும் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பத்தொன்பது பேங்க் கார்டு. ஒன்று அவளுடையது. மற்றப் பதினெட்டும் ஒரே வரிசை வீடுகளில் அவளோடு குடியிருக்கிற லயத்துக்காரர்களுடையது.

இதைக் கேட்டதும் போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிற ஆள் சம்பளம் எடுக்க டவுனுக்குப் போனால் அன்றைய வேலை போச்சு, அன்றைய கூலியும் போச்சு. பத்தொன்பது பேரும் கிளம்பினால் தோட்டத் துரைக்குக் கோபம் வேறு வரும். அதனால் மாதத்தில் ஒரு நாள் எல்லோருடைய கார்டையும் வாங்கிக்கொண்டு பிரேமலதா மட்டும் வருவாள். அவளுடைய மரங்களை மற்றப் பதினெட்டுப் பேரும் ஆளுக்குப் பதினைந்தாகப் பிரித்து வெட்டி, அவள் கணக்கில் பால் ஊற்றிவிடுவார்கள். கணக்கப்பிள்ளைக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் அவருக்குத் தெரியும்.

இரகசிய இலக்கத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கார்டுகளைக் கொடுக்க வங்கியிலிருந்து ஸ்ரீதரன் என்ற அதிகாரி தோட்டத்துக்கு வந்தார். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில் நின்று ஒரு மணி நேரம் பேசினார். "இந்த நான்கு இலக்கம் உங்கள் உயிர். கணவன் மனைவிக்குச் சொல்லக்கூடாது. மனைவி கணவனுக்குச் சொல்லவே கூடாது. எங்கும் எழுதி வைக்கக்கூடாது. ஆனால் செத்தாலும் மறக்கக்கூடாது. அப்படிப்பட்ட ஓர் இலக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள்."

செத்தாலும் மறக்காத இலக்கம் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒன்று உண்டு. செக்ரோல் நம்பர், அதாவது தோட்டத்துப் பெயர்ப்பதிவில் அவரவர் இலக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்தது. அதற்கு முன்னால் ஒரு சைபரைப் போட்டு நாலாக்கி அத்தனை பேரும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் கேட்காமலேயே வைத்தார்கள் என்பதுதான் விசேஷம். ஆக, வங்கி உயிரைப் போலக் காக்கச் சொன்ன இரகசியத்தைக் கணக்கப்பிள்ளை தினமும் காலை ஆறு மணிக்கு, எதிர் மலைக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கூவுகிறார். உரியவர்களும் "இருக்கேங்க" என்று பதில் குரல் கொடுக்கிறார்கள். மூன்று வருடத்தில் யாருடைய கணக்கிலும் ஒரு ரூபாய் காணாமல் போனதில்லை. வங்கி தானாகவே பிடித்துக்கொள்கிற சேவைக் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை.

இந்த மாதம் பிரேமலதாவுக்கு வேறொரு வேலையும் இருந்தது. அவள் மகள் ஷாமிளாவுக்கு இரத்தினபுரியில் மருந்தகப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முப்பது இடத்தில் இருபத்தொன்பதாவது. இன்று மூன்று மணிக்குள் பன்னிரண்டாயிரத்து ஐநூறு ரூபாயை இதே சுபசெத் வங்கியில் அந்தக் கல்லூரியின் கணக்கில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சம்பளம் விழுவதும் பத்தாம் தேதி, கெடு முடிவதும் பத்தாம் தேதி. விடியற்காலையிலேயே எழுந்து தாய்க்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த ஷாமிளா, பஸ் வரும் வரை ரோட்டில் கூடவே நின்றாள்.

மெசின் மூன்று மொழி பேசும். பிரேமலதா ஒரு தடவை தமிழை அழுத்திப் பார்த்திருக்கிறாள். "தங்களது கோரிக்கைக்கமைவான மீளப்பெறுகைத் தொகையினை உட்புகுத்துக" என்று வந்தது. பயந்துபோய் அன்றிலிருந்து சிங்களத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறாள். சிங்களத்தில் "எவ்வளவு வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறது.

கந்தையா அண்ணனின் கார்டில் ஆரம்பித்தாள். பிறகு புஷ்பத்துடையது. ஒவ்வொருத்தர் பணத்தையும் ஒவ்வொரு கடித உறையில் போட்டு, மேலே நம்பரை எழுதி டின்னில் வைத்தாள். தன்னுடைய கார்டைக் கடைசியில்தான் போடுவாள். பந்தி பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுவது போல அது ஒரு பழக்கம். வெளியே வரிசை நீண்டது. சிலர் கண்ணாடியைத் தட்டினார்கள். காவலுக்கு நிற்கும் அஸீஸ், "தோட்டத்துச் சம்பளம், கொஞ்சம் பொறுங்க" என்று அவர்களைச் சமாளித்தார். ஐம்பது நிமிடத்தில் பதினெட்டுக் கார்டும் முடிந்தன.

பத்தொன்பதாவதாகத் தன் கார்டைப் போட்டாள். மெசின் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. கார்டு உள்ளே போனது. வெளியே வரவில்லை. உங்கள் பாதுகாப்புக்காக உங்கள் அட்டை தடுத்து வைக்கப்பட்டுள்ளது, நன்றி என்று சிங்களத்தில் எழுத்து வந்தது. பிறகு வங்கியின் விளம்பரப் பெண் திரையில் தோன்றிச் சிரித்தாள்.

"என்ன புள்ள, முடிஞ்சா?" என்று அஸீஸ் தலையை நீட்டினார்.

"கார்ட முழுங்கிருச்சு நானா" என்றாள். அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"யாருட கார்டு?"

"என்னோடது."

"மத்தவங்கட பதினெட்டையும் தந்துட்டு ஒங்கடத மட்டும் புடிச்சிட்டா?" அஸீஸ் மெசினை ஒரு பார்வை பார்த்தார். "அந்தா செவத்துல போன் இரிக்கி. அதுல சொன்னாத்தான் உள்ளுக்குப் போகலாம். சட்டம்."

சுவரில் இருந்த போனை எடுத்தாள். அது அவளுடைய அழைப்பு மிகவும் பெறுமதியானது என்று சொல்லிவிட்டு, இருபத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"உங்கள் அட்டையில் உள்ள பதினாறு இலக்கத்தைக் கூறுங்கள்."

"அட்ட மெசினுக்குள்ள இருக்குங்க, மிஸ்."

"பரவாயில்லை. பார்த்துச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்."

பிரேமலதா மெசினின் வாயைக் குனிந்து பார்த்தாள். இருட்டாக இருந்தது. அந்தப் பெண்ணும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை என்று பதிந்து போனை வைத்தாள்.

வங்கிக்குள் நுழையும்போது பன்னிரண்டு மணி. சாப்பாட்டு நேரம். ஒரு மணிக்குத்தான் ஸ்ரீதரனின் மேசைக்குப் போக முடிந்தது. மூன்று வருடத்தில் அவர் உயர்ந்திருந்தார். 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி' என்று மேசையில் பலகை இருந்தது. அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"கவலையே படாதீர்கள் அம்மா. இயந்திரம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அது உங்களைச் சந்தேகிக்கிறது. தொடர்ச்சியாகப் பதினெட்டு அட்டை. யாரோ ஒருவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார் என்று அது கண்டுபிடித்துவிட்டது."

"நான்தான் சேர் எடுக்கப் பார்த்தேன்."

"அதைத்தான் தடுத்திருக்கிறது."

"அந்தப் பதினெட்டுக் கார்டுக்கும் குடுத்துச்சுங்களே?"

"சந்தேகப்பட அதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?"

பிரேமலதா மகளின் படிப்பை, மூன்று மணிக் கெடுவை, பன்னிரண்டாயிரத்து ஐநூறை எல்லாம் சொன்னாள். அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். "மெசின் வேணாங்க. கவுண்டர்லயே குடுத்துருங்க சேர்."

"தாராளமாக. ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் கவுண்டரில் எடுக்கலாம்."

"மொத்தமே இருபத்தேழாயிரந்தாங்க இருக்கு."

"அப்படியானால் இயந்திரத்தில் எடுங்கள்."

"பாஸ்புத்தகம் இருந்தா குடுப்பீங்கன்னு சொன்னாங்க."

"அதை நாங்கள் நிறுத்திவிட்டோம்" என்று ஸ்ரீதரன் பெருமையோடு சொன்னார். "மரங்களைக் காப்பாற்ற. ஒரு மரத்தை வெட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களைப் போன்றவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கிறது."

தினமும் இருநூற்றெழுபது மரத்தில் கத்தி வைக்கிற பிரேமலதா அடுத்த வழியைக் கேட்டாள். "மெசினத் தொறந்து கார்ட எடுத்துத் தர ஏலாதுங்களா?"

"அதற்கு இரண்டு சாவி. ஒன்று எங்கள் மெனேஜரிடம். மற்றது கொழும்பில் இருந்து வருகிற வேனில். வேன் வியாழக்கிழமை வரும். ஆனால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கிற அட்டையை வெட்டி அழித்துவிட வேண்டும் என்பது விதி. இன்று திங்கட்கிழமை." விதி எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று அவரே வியந்தார்.

அப்போதுதான் பிரேமலதாவுக்கு ஒரு யோசனை வந்தது. "சேர், சல்லிய வெளிய எடுக்கவே வேணாம். அந்தக் கொலேஜ் கணக்கும் இங்கதான இருக்கு? என் கணக்குலேருந்து அதுக்கு மாத்தி விட்டுருங்க. இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நாலு அடிதாங்களே."

ஸ்ரீதரன் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். "இதைத்தான் டிஜிட்டல் சிந்தனை என்கிறோம்! அதற்கு எங்களிடம் ஒரு செயலி இருக்கிறது. போனில் போட்டுக்கொண்டால் ஒரு நொடியில் மாறிவிடும். முதலில் அதில் உங்கள் அட்டையின் பதினாறு இலக்கத்தை—"

பிரேமலதா எழுந்துவிட்டாள். மணி ஒன்று ஐம்பது.

போதாக்குறைக்கு அன்று வங்கியில் டிஜிட்டல் வார விழா. இரண்டு மணிக்குக் கவுண்டர்களை மூடிவிட்டு எல்லோரும் மெசினுக்கு முன்னால் கூடினார்கள். மெசினுக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ஐந்து திரிக் குத்துவிளக்கு. விளக்கு ஏற்றும்போது புகை பட்டு மெசின் ஒரு தடவை அலறியது; அது மங்களகரமான சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த பிராந்தியத் தலைவர் சிங்களத்தில் பேசினார்.

"பத்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பிரதேசத்துச் சனங்கள் வங்கிக்குள்ளேயே வந்தார்கள். எங்கள் அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தார்கள். கேள்வி கேட்டார்கள். சிலர் பதில்கூட எதிர்பார்த்தார்கள். அந்த இருண்ட காலம் முடிந்தது. இன்று அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இந்த இயந்திரம் நிற்கிறது. இது சலிப்பதில்லை. காரணம், இது எதையும் காதில் வாங்குவதில்லை!"

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு காகிதத்தை எடுத்தார். "இன்று காலை மட்டும் ஒரே ஒரு பெண், ஐம்பது நிமிடத்தில் பதினெட்டுத் தடவை இந்த இயந்திரத்தைப் பாவித்திருக்கிறார். மாதத்தின் சிறந்த வாடிக்கையாளராகக் கொழும்பு அவரைத் தெரிவுசெய்திருக்கிறது. கேமராவில் பார்த்தோம். கையில் பிஸ்கட் டின் வைத்திருப்பவர்."

எல்லோரும் பிரேமலதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் புரியாமல் அவள் ஸ்ரீதரனைப் பார்த்தாள். "சந்தேகப் பிரிவு கொழும்பில் மூன்றாம் மாடி, பாராட்டுப் பிரிவு நான்காம் மாடி" என்று அவர் காதோடு விளக்கினார். "இரண்டுக்கும் நடுவில் லிப்ட் பழுது."

அவளை முன்னால் இழுத்து, கதவு அளவுக்கு ஓர் அட்டைப்பலகைக் கார்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஐயாயிரம் ரூபாய் பரிசு என்றார்கள். பிரேமலதாவுக்கு உயிர் வந்தது. கையை நீட்டினாள்.

"உங்கள் கணக்கில் போட்டுவிட்டோம்" என்றார் தலைவர். "உங்கள் அட்டையைப் போட்டு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வார்த்தை பேசுங்கள்."

அவள் மைக்கைப் பிடித்தாள். சிங்களத்திலேயே சொன்னாள்: "சேர், என்னோட கார்டு இதுக்குள்ளதான் இருக்கு. என் சல்லியும் இதுக்குள்ளதான் இருக்கு. மூணு மணிக்குள்ள அது வேணும். இல்லாட்டி என் மகளோட படிப்பு போயிரும்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீர்களா? அட்டையும் இங்கே, பணமும் இங்கே. எங்கள் மேல் இதைவிட ஒரு வாடிக்கையாளர் என்ன நம்பிக்கை வைக்க முடியும்?" பலத்த கைதட்டல். கேக் வெட்டினார்கள்.

பிரேமலதா வெளியே வந்து அஸீஸின் நாற்காலிக்குப் பக்கத்தில், படியில், பெரிய அட்டைக் கார்டைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு முப்பத்தைந்து. ஷாமிளா ரோட்டில் நின்ற நிற்பு கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"புள்ள, கோவிச்சிக்கப்படாது" என்றார் அஸீஸ். "அந்த டின்னுக்குள்ள எவ்வளவு சல்லி இரிக்கி?"

அவள் திடுக்கிட்டு டின்னை மடியோடு அணைத்துக்கொண்டாள். நான்கு லட்சத்துக்கு மேல் இருந்தது. காலையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறாள். அதில் தன் தேவைக்கு ஒரு வழி இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. "அது அவங்கட சல்லி நானா."

"அவங்கட்டக் கேளுங்களேன். கேக்கிறத்துக்குக் கார்டா வேணும்?"

போனை எடுத்துப் புஷ்பத்தைக் கூப்பிட்டாள். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து எல்லோரும் லயத்துத் தண்ணீர்ப் பைப்படியில் நின்றிருந்தார்கள். புஷ்பம் போனைச் சத்தமாகப் போட்டாள். பிரேமலதா மூன்று வாக்கியம்தான் சொன்னாள்.

"அட பைத்தியமே, டின்ன மடியில வச்சுக்கிட்டா காலையிலேருந்து லாந்துற?" என்று புஷ்பம் கத்தினாள். "எவ்வளவு? பன்னெண்டாயிரத்து ஐநூறா? யாராச்சும் பதினெட்டால பிரிங்கடி."

கந்தையாவின் குரல் வந்தது. "ஆளுக்கு எழுநூறு எடு தங்கச்சி. நூறு மிஞ்சும், பஸ்ஸுக்கு வச்சுக்க. காலையில ஒன் மரத்தப் பிரிச்சமே, அது மாதிரித்தான்."

"எல்லாருக்கும் சம்மதமான்னு கேளுங்கண்ணே."

பைப்படியில் ஒரே நேரத்தில் பல குரல் எழுந்தது. அத்தனையும் "எடு, எடு" என்பதுதான்.

"நீ அழுறியா?" என்றாள் புஷ்பம். "அழுதுகிட்டு எண்ணாத. பிசகிப் போயிரும்."

விஷயம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. யாரும் அவளைச் சந்தேகப்படவும் இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கவுண்டர் திறந்தது இரண்டு ஐம்பதுக்கு. முதலில் நின்றவள் அவள்தான். காசாளர் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தைத் தள்ளினார். காசாகக் கட்டினால் அந்தப் பணம் கிடைத்த வழியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டு பிரதி.

பிரேமலதா யோசிக்கவே இல்லை. டின்னைத் திறந்து, உறைகளின் மேலிருந்த பதினெட்டு நம்பரையும் பார்த்துப் பார்த்து எழுதினாள். வங்கிக் காகிதம் என்பதால் மரியாதையாக ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தச் சைபரையும் போட்டு, எதிரே எழுநூறு எழுநூறு என்று எழுதினாள். கேக் துண்டோடு வந்த ஸ்ரீதரன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன இலக்கம் இவை?"

"எங்க லயத்து ஆளுங்க சேர். செக்ரோல் நம்பர்."

"அபாரம்!" என்றார் ஸ்ரீதரன். "பத்து வருடமாக இந்தப் படிவத்தை ஒருவர்கூட இவ்வளவு வெளிப்படையாக நிரப்பியதில்லை. எல்லோரும் 'கைக்காசு' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்." உடனே ஒரு போட்டோகொப்பி எடுக்கச் சொன்னார்.

ரசீதில் இரண்டு ஐம்பத்தெட்டு என்று அடித்திருந்தது. பிரேமலதா அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

அவளுடைய பழைய கார்டை வியாழக்கிழமை விதிப்படி வெட்டினார்கள். புதிய கார்டு தபாலில் வந்து தோட்டத்து ஆபீசில் ஒரு பைலுக்கு அடியில் எட்டு நாள் கிடந்துவிட்டு, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கைக்குக் கிடைத்தது. அதுவரை எழுநூறைப் பற்றி லயத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பத்தாம் தேதி காலை கார்டுகளைக் கொடுக்கும்போது மட்டும் பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரிச் சொல்லி அனுப்பினார்கள்: "இந்தத் தடவ ஒன்னோடத மொதல்ல போடு." அவளும் தலையை ஆட்டினாள். ஷாமிளா அன்று இரத்தினபுரியில் வகுப்பில் இருந்தாள்.

மெசின் கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. 'உங்கள் இரகசிய இலக்கத்தை எவருக்கும் காட்டாதீர்கள்' என்று மூன்று மொழியிலும் சிவப்பில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'படிவத்தைச் சரியாக நிரப்புவது எப்படி?' என்ற தலைப்பில், பிரேமலதாவின் படிவத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். கடைவீதிக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதமாக அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரேமலதா கிட்டப் போய், தான் எழுதியது சரிதானா என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புஷ்பத்தின் நம்பரில் ஏழு, ஒன்று மாதிரித் தெரிந்தது. அஸீஸிடம் பேனா வாங்கி அந்த ஏழைப் பளிச்சென்று திருத்தி எழுதினாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய், டின்னைத் திறந்து, கந்தையா அண்ணனின் கார்டை முதலில் போட்டாள்.